மூர்த்தி, தலம், தீர்த்தம்: மூன்றும் தந்த கல்



சைவப் பெருமக்கள் வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் பிரிக்காமல் சேர்த்தே பேசுவர். இம்மூன்றுக்கும் அடிப்படையாய் நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அது கல். கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலத் திருமேனி கல்லால் ஆயது. குன்றுதோறும் கோயில் கொண்ட நாட்டில் மலையே தலம். அம்மலைப் பாறையில் விழுந்த மழைநீர் சுனையாய்த் தேங்கி, ஓடையாய் இறங்கி, ஊருணியும் கண்மாயும் திருக்குளமும் ஆகிறது. அதுவே தீர்த்தம். ஆதலால் கல் வெட்டி எடுக்கும் தொழிலைப் பற்றிச் சிந்திப்பது கோயிலுக்குப் புறம்பான பேச்சு ஆகாது. கல் எடுப்பவன் கை மூர்த்தியைத் தொடுகிறது, தலத்தைத் தொடுகிறது, தீர்த்தத்தையும் தொடுகிறது. அந்தக் கை எவ்வாறு தொடுதல் வேண்டும் என்பதைப் பாண்டி நாட்டு வரலாற்றில் வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

அலங்காநல்லூரில் நின்று நாற்றிசையும் நோக்குவார்க்கு மலைகளே எல்லையாகத் தோன்றும். கிழக்கே அழகர்மலை, வடக்கே சிறுமலை, தென்கிழக்கே யானைமலை, தெற்கே மதுரையை ஒட்டிப் பசுமலையும் நாகமலையும். பின்னே கூறிய மூன்று மலைகளும் எவ்வாறு வந்தன என்பதைப் பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணம் கூறுகிறது. மதுரையை அழிக்க மாயத்தால் எழுந்து வந்த யானையும் நாகமும் பசுவும் ஆலவாய் அண்ணலின் திருவருளால் வீழ்ந்து மலைகளாய்க் கிடந்தன என்பது அப்புராண வரலாறு. இன்னும் ஒரு திருவிளையாடல், கரும்பு விளையும் இப்பகுதி மக்கள் மறக்க இயலாதது. எல்லாம் வல்ல சித்தராய் எழுந்தருளிய பெருமான், அபிடேக பாண்டியன் காணக் கல் யானையைக் கரும்பு தின்னச் செய்தார். இக்கதைகளின் உட்பொருள் யாது? மலையையும் கல்லையும் நம் முன்னோர் உயிரற்ற சடப்பொருளாகத் தள்ளிவிடவில்லை என்பதே. பெயரிட்டு, வரலாறு கூறி, வலம் வந்து, அவற்றைத் தம் குடியில் ஒன்றாகவே வைத்தனர்.

இந்த மதிப்பு கதையோடு நின்றதன்று. தொழில் முறையிலும் விளங்கிற்று. ஆகமங்களிலும் சிற்ப நூல்களிலும் சிலா சங்கிரகம் என்றொரு பகுதி உண்டு. திருமேனிக்குரிய கல்லைத் தேடி எடுத்து வரும் முறையை அது வகுக்கிறது. தட்டினால் மணியோசை தரும் கல் ஆண்கல். தாளத்தின் ஓசை தருவது பெண்கல். ஓசை எழாதது அலிக்கல். இலிங்கமும் தேவர் திருமேனிகளும் ஆண்கல்லில் அமைதல் வேண்டும். ஆவுடையாரும் அம்மையின் திருமேனியும் பெண்கல்லில். அடியில் இடும் கல் அலிக்கல்லில். இளமை, நடுமை, முதுமை என்று கல்லுக்கு வயதும் கூறுவர். வெடிப்பும் புள்ளியும் உள்ளொளிந்த குற்றமும் உள்ள கல்லை விலக்குவர்.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது கல்லை வெட்டுவதற்கு முன் செய்யும் சடங்கு. நல்ல நாள் குறித்து, கருவிகளுக்குப் பூசை இட்டு, அவ்விடத்தில் வாழும் பூதங்களுக்கும் பிற உயிர்களுக்கும் பலி ஈந்து, ‘இறைவன் பணிக்காக இக்கல்லை எடுக்கிறோம், நீவிர் வேறிடம் பெயர்ந்து அருள்க’ என்னும் கருத்தில் வேண்டிக்கொள்வர். பிறகே உளி பாறையில் படும். கல் பாறையில் கிடந்தபோது தலை எப்பக்கம், அடி எப்பக்கம் என்று குறியிட்டு எடுப்பர். இச்சடங்கை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளுவார் உளர். அது தரும் பாடம் பெரிது. எடுப்பவன் அவ்விடத்திற்கு உரிமையாளன் அல்லன், இரந்து பெறுகிறவன். வேண்டிய அளவே எடுக்கிறான். எடுத்தது எதற்கு என்று சொல்லி எடுக்கிறான். இரக்கின்றவன் கை ஒருநாளும் மலையை முழுதும் வாரிக்கொண்டு போகாது.

வெட்டும் முறையும் அளவறிந்த முறையாகவே இருந்தது. பாறையின் இழையோட்டம் பார்த்து, வரிசையாகச் சிறு குழிகள் வெட்டி, உலர்ந்த மர ஆப்புகளை அவற்றில் இறுக்கி நீர் ஊற்றுவர். ஆப்பு ஊறிப் பருத்துக் கல்லைக் கோடு போட்டாற்போலப் பிளக்கும். இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பிளப்பதும் உண்டு. மாமல்லபுரத்துப் பாறைகளில் இவ்வாறு வெட்டிய குழி வரிசைகளை இன்றும் காணலாம். மற்றொரு முறை தீயால் பிளப்பது. பாறையின் மேல் விறகுத் தீயை மூட்டி மெல்ல நகர்த்திச் சென்றால், சூடேறிய மேலடுக்கு விரிந்து கீழடுக்கினின்றும் விட்டு எழும்பும். அதனைப் பலகை பலகையாக உடைத்து எடுப்பர். பெங்களூர்ப் பகுதியில் கற்றச்சர் இம்முறையில் தொழில் செய்ததைக் கண்டு வியந்த வார்த் என்னும் ஐரோப்பிய அறிஞர் 1895-இல் அதனை அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார். நீரும் தீயும் உளியும் கொண்டு ஒரு கல் எடுக்க நாள்கள் பல ஆகும். அந்த மெதுவே மலைக்குக் காவலாய் இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கல்லைப் பெயர்த்து எடுக்காமல், மலை இருந்த இடத்திலேயே அதனைக் குடைந்து கோயில் ஆக்கும் முறை தமிழகத்தில் பரவிய காலம் கி.பி. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாகப் பல்லவன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்தான். பாண்டியரும் பின்தங்கவில்லை. கழுகுமலையில் மலையின் ஒரு பகுதியை மேலிருந்து கீழாகச் செதுக்கித் தனிக் கோயிலாகவே நிறுத்த முயன்றனர். வெட்டுவான் கோயில் எனப்படும் அது முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. எனினும் அதன் விமானத்தைக் கண்டார் அம்முயற்சியின் பெருமையை அறிவர்.

நம் மதுரையைச் சூழ உள்ள இரண்டு குடைவரைகள் இங்கே தனித்து நினைக்கத்தக்கன. யானைமலையின் அடியில் நரசிங்கத்தில் திருமாலுக்குக் கற்றளி குடைவித்தவன் மாறன் காரி என்பான். கரவந்தபுரத்து வைத்திய குலத்தில் தோன்றி, பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனுக்கு அமைச்சனாய் விளங்கியவன். கோயில் முற்றி நீர் தெளிப்பதற்கு முன்னே அவன் காலம் முடிந்தது. அவனுக்குப் பின் அமைச்சனான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து, 770-ஆம் ஆண்டில் நீர் தெளித்து நிறைவு செய்தான். அண்ணன் தொட்ட பாறையைத் தம்பி அநாதையாய் விடவில்லை. தொட்ட பணிக்கு முடிவு காண்பது கடன் என்று கருதினான்.

மற்றொன்று திருப்பரங்குன்றம்; ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருத்தலம். அங்குள்ள கல்வெட்டு 773-ஆம் ஆண்டிற்குரியது. அதே கரவந்தபுரத்து வைத்திய குலத்தவனான சாத்தன் கணபதி திருக்கோயிலைத் திருத்தினான் என்று அது கூறுகிறது. அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள் என்றும் கூறுகிறது. அன்பர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு. சாத்தன் கணபதி கோயிலை மட்டும் திருத்தவில்லை, திருக்குளத்தையும் திருத்தினான். கல்லைக் குடைந்த இடத்தில் நீரைக் காத்தான். கோயிலும் குளமும் ஒரே வாக்கியத்தில், ஒரே அறமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூர்த்தியும் தலமும் தீர்த்தமும் பிரிக்கலாகாதன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிற்காலத்தில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டும் முறை ஓங்கியது. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெருவுடையார் கோயிலைச் சூழ மலை ஒன்றும் இல்லை. அத்தனை கல்லும் வெளியிலிருந்தே வந்தன. மதுரையில் அரியநாத முதலியார் 1569-இல் எடுப்பித்த ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தூணும் ஒரு பாறையின் உடல். ஆயினும் அப்பாறை நாலரை நூற்றாண்டாக நின்ற நிலையில் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதன் நிழலில் நடக்கின்றனர். எடுத்த கல் வீணாகவில்லை என்பதற்கு அதுவே கணக்கு.

கல்லை மட்டுமன்று, மண்ணை வெட்டி எடுத்த வரலாறும் மதுரைக்கு உண்டு. திருமலை நாயக்கர் மகால் கட்டுவதற்குச் செங்கல் அறுக்க நகரின் கிழக்கே மண் எடுத்தனர். பெரும்பள்ளம் விழுந்தது. அவ்வாறு தோண்டுகையில் கிடைத்த பெரிய பிள்ளையார் திருமேனியே மீனாட்சியம்மை கோயிலில் எழுந்தருளியிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பது வழிவழிச் செய்தி. மண் எடுத்த பள்ளத்தை மன்னர் அப்படியே விட்டுவிட்டாரா? இல்லை. நாற்புறமும் கல் படிக்கட்டி, நடுவே மைய மண்டபம் எழுப்பி, வைகையிலிருந்து நீர் வருமாறு வழி செய்து, வண்டியூர்த் தெப்பக்குளமாக ஆக்கினார். 1645-இல் அமைந்த அக்குளத்தில் தைப்பூசத்தன்று அம்மையும் அப்பனும் தெப்பத்தில் உலா வருவதைக் காணாத மதுரை மக்கள் உண்டோ? ஒரு பள்ளம் தீர்த்தமான கதை அது. எடுத்தவன் கை, எடுத்த இடத்தைத் திருத்திக் கொடுத்தது.

அலங்காநல்லூர் வட்டாரத்தார்க்கு மிக அருகிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கல்லும் சுண்ணாம்பும், சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கொண்டு 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை நிறைவெய்தியது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முன்னின்று முடித்த பணி அது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் அதனால் கிழக்கே திரும்பி வைகையோடு சேர்ந்தது. மதுரை, மேலூர்ப் பகுதிகளில் நெல்லும் கரும்பும் செழித்தன. கல் இங்கும் நீரைத் தந்தது. ஆக, கல் வெட்டுதல் பாவம் என்று நாம் கூற வரவில்லை. வீட்டுக்கு அடிமானம் வேண்டும். பாதைக்குச் சரளை வேண்டும். அணைக்கும் கோயிலுக்கும் கல் வேண்டும். பல்லாயிரம் குடும்பங்கள் உளி பிடித்தே உண்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எடுத்த கல் எதற்காயிற்று? எடுத்த பள்ளம் என்னவாயிற்று?

இக்கேள்வியோடு அண்மைக் காலத்தை நோக்குவோம். துளைப்பொறியும் வெடிமருந்தும் வைரக் கம்பி அறுவைப் பொறியும் வந்த பின், முன்பு பல மாதம் ஆன வேலை சில நாள்களில் முடிந்தது. மேலூர்ப் பகுதியில் கீழவளவு, கீழையூர், திருவாதவூர் முதலிய ஊர்களைச் சூழக் கிரானைட் குவாரிகள் பெருகின. மதுரைச் சீமையில் வெட்டிய வெண்ணிறக் கல் ‘காஷ்மீர் ஒயிட்’ என்னும் பெயரோடு கடல் கடந்து சென்று அயல்நாட்டு மாளிகைகளின் சமையலறை மேடையாயிற்று. தன் ஊர்ப் பெயரைக்கூட அக்கல் எடுத்துச் செல்லவில்லை. அறுத்துச் சதுரமாக்கிய கல் போக, உதவாதென்று தள்ளிய கல் குன்று குன்றாய்க் குவிந்தது. மழைநீர் ஓடிய வாய்க்கால்கள் மூடின. கண்மாய்கள் சில தூர்ந்தன. கைவிட்ட பள்ளங்களில் ஆழந்தெரியாத நீர் தேங்கியது. படி இல்லை, கரை இல்லை, தெப்பம் இல்லை. நீராடச் சென்ற பிள்ளைகளை விழுங்கும் பள்ளங்களாக இத்தகைய குழிகள் நாடெங்கும் கிடக்கின்றன. இதற்கும் வண்டியூர்த் தெப்பக்குளத்திற்கும் உள்ள தொலைவு எவ்வளவு!

2012-இல் மதுரை மாவட்ட ஆட்சியராய் இருந்த உ. சகாயம், முறைகேடான கல் வெட்டால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. வழக்கின் முடிவு நீதிமன்றத்திற்கு உரியது; அதில் நாம் நுழையவில்லை. ரூபாய்க் கணக்கில் வராத இழப்பு ஒன்று உண்டு என்பதையே கூறுகிறோம். சுனை போனால் எத்தனை கோடி கொடுத்து மீண்டும் வாங்குவது? மணிவாசகப் பெருமான் அவதரித்த வாதவூர் மண்ணைச் சூழ்ந்த பாறை, ஒருமுறை போனால் போனதுதான். வெட்டிய மரம் தழைக்கும். வெட்டிய கல் தழைப்பதில்லை.

ஆயினும் நம்பிக்கை தரும் வரலாறும் அதே மேலூர்ச் சீமையில்தான் எழுந்தது. அரிட்டாபட்டியில் முற்பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை உண்டு. அதன் வாயிலின் ஒருபுறம் விநாயகரும் மறுபுறம் பாசுபத ஆசாரியராகிய இலகுலீசரும் எழுந்தருளியுள்ளனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் அவ்வூர் மலையிலேயே உள்ளன. ஏழு குன்றுகளும், அவற்றினின்று நீர் பெறும் ஏரிகளும் சுனைகளும் உடைய ஊர் அது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. தமிழகத்தில் அத்தகைய முதல் தலம் அதுவே.

ஈராண்டு கழிந்தது. 2024 நவம்பரில், அப்பகுதியையும் உட்கொண்டு ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டன. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கி நடந்தே வந்தனர். ஜனவரி 23 அன்று நடுவண் அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது. கோயிலும் கண்மாயும் வயலும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதை ஏடு படித்து அறியாத எளிய மக்கள் நடந்து காட்டினர். சாத்தன் கணபதியின் கல்வெட்டு அவர்கள் கால்களில் உயிர் பெற்றது என்றே நாம் கருதுகிறோம்.

பழி முழுவதையும் பிறர் மேல் சுமத்திவிட்டு அன்பர்களாகிய நாம் ஒதுங்கிவிட இயலாது. கோயிலிலும் கல்லின் தேவை உண்டு. 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சியம்மை கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீ விபத்தில் சிதைந்தது. குவாரியில் பாறையைப் பிளக்கும் அதே வெம்மை அங்கே தூண்களைப் பிளந்தது. அதனைச் சீரமைக்கத் தகுந்த கல்லை, மலைகள் சூழ்ந்த மதுரைக்கு, நாமக்கல் மாவட்டத்து இராசிபுரம் பக்கத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு தூணை இழப்பது எளிது, பெறுவது அரிது என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது.

அங்ஙனமாகத் திருப்பணி என்னும் பெயரில் நல்ல பழங்கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு, பளபளக்கும் புதுக்கல் பதிப்பது எவ்வளவு தகும்? பெயர்த்தெறியும் கல்லில் ஒரு மன்னன் அளித்த நந்தா விளக்கின் கணக்கு இருக்கலாம். ஒரு குடியானவள் ஈந்த நிலத்தின் எல்லை இருக்கலாம். புதுக்கல் இன்றியமையாதது எனில், அது எந்த மலையினின்று வந்தது, முறையான உரிமமும் நடைச்சீட்டும் உடையதா என்று கேட்பது உபயதாரரின் கடமை. களவாடிய மலரை ஆண்டவனுக்குச் சாத்த மாட்டோம். களவாடிய கல்லை மட்டும் அவன் திருமுன்னே பதிக்கலாமா?

இன்னும் ஒன்று. கல் உடைப்பவர் தம் வாழ்நாளெல்லாம் கல்தூசை மூச்சாக இழுக்கின்றனர். அத்தூசு நுரையீரலில் படிந்து உயிரைக் குடிக்கும் நோயைத் தருகிறது. நாம் தொழும் திருமேனியைக் கண்டவர் அவர். நம் கண்ணில் படாதவரும் அவரே. வந்தியின் பொருட்டுக் கூலியாளாய் வந்து, வைகைக் கரையில் மண் சுமந்து, பிட்டுண்டு, பிரம்படியும் பட்ட பெருமானை வழிபடும் மதுரையில், மண்ணும் கல்லும் சுமப்பவரை இழிவாய் எண்ண இடமில்லை. அன்று ஆண்டவன் மேல் விழுந்த அடி எல்லா உயிர் மேலும் பட்டது. தொழிலாளர் மேல் விழும் துன்பமும் அவ்வாறே நம் எல்லார் மேலும் படுகிறது என்று உணர்வதே அத்திருவிளையாடலின் பயன்.

சாக்கிய நாயனார் நாள்தோறும் ஒரு கல்லை எடுத்து இறைவன்பால் எறிந்தார். அன்பு உடைமையால் அக்கல் மலராயிற்று. அவர் எடுத்தது மலையை அன்று. அன்றைய வழிபாட்டுக்கு வேண்டிய ஒரு கல்லை. அந்த அன்பும் அந்த அளவும் நம் கைக்கு வருதல் வேண்டும். திருவிழாவுக்கு வந்த அன்பர்கள் ஊர் திரும்பியதும் ஒன்று செய்க. தம் ஊர்க் கோயிலின் குளத்தைச் சென்று காண்க. அதற்கு நீர் எம்மலையினின்று, எவ்வழியாக வருகிறது என்று முதியோரைக் கேட்டு அறிக. அவ்வழி அடைபட்டிருந்தால் ஊரார் கூடித் திறக்க முற்படுக. உபயம் செய்ய எண்ணுவோர் ஒரு பளிங்குப் பலகைக்கு ஆகும் பொருளை அவ்வாய்க்காலுக்கு ஈக. தலம் நிலைத்தால் தீர்த்தம் நிலைக்கும். தீர்த்தம் நிலைத்தால் மூர்த்திக்குத் திருமஞ்சனம் நிலைக்கும்.

ஆலவாய் அண்ணலின் திருவருள் நம் மலைகளையும் நீர்நிலைகளையும் அவற்றைக் காக்கும் மக்களையும் காத்தருள்க.

திருச்சிற்றம்பலம்.